22 துருத்திகள்: டொங்காட்டில் ஒரு பியனோலாவைப் பழுதுபார்த்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த வேலையைச் செய்தவர் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் வசிக்கிறார். வயது 62. கரும்பாலையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதில் பெரும்பகுதி, பாகு காய்ச்சும் வெற்றிடக் கொப்பரைகளைப் பராமரிப்பதில் கழிந்தது. பியானோ வாசிக்கத் தெரியாது. மனைவி சட்டைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டைப் பிரிவில் இருந்தவர். நான் பக்கத்து வீட்டுக்காரன், கோயில் மண்டபத்தில் மாலைநேரத் தமிழ் வகுப்பு எடுப்பவன். கழற்றிய பாகங்களுக்கு எண் போட்டு நோட்டில் எழுதியது என் பங்கு. அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் இல்லை.

பியானோ அவருடைய அப்பா வழியாக வந்தது. அப்பா டர்பன் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பரிமாறுபவராக இருந்தார். 1970களில் ஹோட்டலைப் புதுப்பித்தபோது, எடுத்துப்போகிறவர்கள் எடுத்துப்போகலாம் என்று சொல்லி அதை வெளியே வைத்துவிட்டார்கள். லாரி வாடகையைத் தவிர வேறு செலவில்லை. அதன்பின் ஏறக்குறைய 50 ஆண்டுகள் அது முன்னறையில் சாமிப் படங்களைத் தாங்கும் மேடையாக இருந்தது. மேல்மூடியில் குத்துவிளக்கு எண்ணெய் வட்டம் வட்டமாகக் கறுத்திருந்தது. குழந்தைகள் அதை "தாத்தா பெட்டி" என்றார்கள்.

அது வெறும் பியானோ அல்ல, காகிதச் சுருளைப் பார்த்துத் தானே வாசிக்கும் பியானோ என்பதைக் குடும்பம் மறந்தே போயிருந்தது. 2021 மே மாதம் படங்களைத் துடைப்பதற்காக முன்பலகையைக் கழற்றியபோது, உள்ளே வரிசையாகத் துளையிட்ட பித்தளைச் சட்டம் பளிச்சிட்டது. வேலை அங்கிருந்து தொடங்கியது.

இந்த எந்திரத்தைப் பற்றிச் சில வரிகள்

இந்த வகைக்குப் பியனோலா என்று பெயர் ஒட்டிக்கொண்டதற்கு எட்வின் வோட்டி என்ற அமெரிக்கர் காரணம். 1890களின் நடுவில் அவர் செய்தது பியானோவுக்கு முன்னால் தள்ளி நிறுத்தும் தனிப்பெட்டி. பிறகு அதே பொறி பியானோவுக்குள்ளேயே போய்விட்டது. 1908இல் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள் 88 சுரச் சுருளுக்குப் பொது அளவு வகுத்தார்கள்: காகித அகலம் 11¼ அங்குலம், அங்குலத்துக்கு 9 துளைகள். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பியானோக்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். வானொலியும் மின்வழி ஒலிப்பதிவும் வந்தபின் அது சரிந்தது. நம் பெட்டியின் வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் அதுவும் 1920களில் இங்கிலாந்தில் செய்ததுதான்.

வேலை செய்யும் விதம் இது. காலால் இரு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தால் பெரிய துருத்திகள் காற்றை வெளியே இறைத்துப் பெட்டிக்குள் மெல்லிய வெற்றிடத்தை உண்டாக்குகின்றன. காகிதத்தின் துளை பித்தளைச் சட்டத்தின் துளைக்கு நேரே வரும்போது வெளிக்காற்று ஒரு குழாய்க்குள் நுழைகிறது. அது சிறிய தோல்வட்டம் ஒன்றைத் தூக்குகிறது. தோல்வட்டம் வால்வைத் தூக்குகிறது. வால்வு திறந்ததும், உள்ளங்கையில் பாதி அளவுள்ள ஒரு சிறு துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு அது பட்டென்று மூடுகிறது. அந்த அசைவுதான் சுத்தியலைத் தந்தியின்மேல் அடிக்கவைக்கிறது. ஒரு சுரத்துக்கு ஒரு சிறு துருத்தி, ஆக 88. ஒவ்வொரு குழாயிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு கசிவுத் துளை உண்டு. காகிதத் துளை கடந்து போனபின் குழாயில் தங்கிய காற்று அதன் வழியே வடிந்தால்தான் தோல்வட்டம் இறங்கும், சுரம் நிற்கும்.

வெற்றிடம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குத் தன் ஆலை நினைவு வந்துவிட்டது. வெற்றிடக் கொப்பரையில் பாகு 70 பாகைக்குள்ளேயே கொதிக்கும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதே அவர் பிழைப்பாக இருந்தது. "இது நம்ம சமாச்சாரம்தான்" என்றார். பாதி சரி. மீதிப் பாதிதான் இந்த ஆய்வு.

திறந்தபோது கண்டவை

துருத்திகளின் ரப்பர் பூசிய துணி காய்ந்த வாழைச் சருகு மாதிரி, தொட்ட இடத்தில் நொறுங்கியது. கீழ்ப்பகுதியில் எலிக்கூடு, ஒரு சுருளைக் கடித்துக் கட்டியிருந்தது. ஈயக் குழாய்களின் வளைவுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இது ஈயத்தின் உப்பு, நஞ்சு. கையுறையும் முகமூடியும் அணிந்து ஈரத்துணியால் துடைத்தோம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவில்லை. அரித்துப்போன குழாய்களுக்கு மட்டும் ரப்பர்க் குழாய் மாற்றினோம். இந்த ஒரு விஷயத்தில் முதல் நாளிலிருந்தே சரியாக நடந்துகொண்டோம்.

சுருளைச் சுற்றும் காற்று மோட்டாரின் மரச் சறுக்குகளில் யாரோ எப்போதோ தையல் எந்திர எண்ணெய் விட்டிருந்தார்கள். அது தூசியோடு கலந்து புளிப்பிசின் ஆகியிருந்தது. அங்கே எண்ணெயே படக்கூடாது. உலர்ந்த கிராஃபைட் பொடி மட்டும்தான். மரவேலை மொத்தத்தில் நன்றாக இருந்தது. தோல்வட்டங்கள் 88இல் ஒன்றுகூடக் கிழியவில்லை. இதை நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன். பின்னால் இந்தக் குறிப்பு முக்கியமாகிறது.

முதல் முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

பெரிய மிதித் துருத்திகளை விட்டுவிட்டுச் சிறு துருத்திகளில் தொடங்குவது என்று முடிவானது. காரணம்: சிறியவை, மேசையில் உட்கார்ந்து செய்யலாம், கை பழகும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பசையாக வெள்ளை மரப்பசை. இதற்கு மூன்று காரணங்கள். கடையில் கிடைத்தது. ஆலைக்காரர் புத்தி, எது வலுவாக ஒட்டுமோ அதுதான் நல்லது என்றது. மூன்றாவது காரணத்தை அவர் வெளியே சொல்லவில்லை, எனக்குத் தெரியும்: இந்த வேலைக்கு வழிவழியாகப் பயன்படுவது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்கள். சாமிப் படங்களைத் தாங்கிய பெட்டிக்குள் மாட்டுத்தோல் பசையா என்று தயங்கினார்.

துணியாக, கடையில் வாங்கிய பூச்சுப் பூசிய குடைத்துணி. அவருடைய மனைவி சமையலறையிலிருந்து வந்து, துண்டு ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்து, "இது மடங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். 2021 ஆகஸ்ட் 14. அதையும் நோட்டில் எழுதிவைத்தேன். எழுதியதோடு சரி, நானும் அவரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. 30 ஆண்டு துணியோடு வாழ்ந்தவரிடம் துணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது இப்போது படிக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

22 துருத்திகள் முடிந்தபோது துணி தீர்ந்தது. தீராமல் இருந்திருந்தால் 88ஐயும் முடித்திருப்பார்.

பொய்யான வெற்றி

மிதித் துருத்திகள் தயாராகாததால், சோதனைக்கு வீட்டில் தரை பெருக்கும் உறிஞ்சு கருவியைக் கொண்டுவந்து பெட்டியில் மாட்டினார். 22 துருத்திகளும் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரே நேரத்தில் மூடின. கைதட்டினோம். அன்று வீட்டில் பாயசம்.

அந்தச் சோதனையில் இரண்டு தவறுகள் இருந்தன. பியனோலா வேலை செய்யும் உறிஞ்சு வலுவைத் தண்ணீர் மட்டத்தால் அளப்பார்கள். மென்மையாக மிதித்தால் 10 அங்குலத் தண்ணீர், ஓங்கி மிதித்தால் 30, 40 அங்குலம். உறிஞ்சு கருவி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். அந்த வலுவில் செங்கல்லைக் கட்டினாலும் மூடும். இது முதல் தவறு. இரண்டாவது, அந்த இழுப்பில் 9 தோல்வட்டங்கள் கிழிந்துபோயின. நூறாண்டு கிழியாமல் இருந்தவை. இது எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பசைச் சிக்கல்

வெளிநாட்டிலிருந்து தருவித்த முறையான துருத்தித் துணி செப்டம்பர் முடிவில் வந்தது. அதனுடன் வந்த குறிப்புத்தாளில், தோற்பசையைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. அவர் மறுபடி தயங்கினார். அப்போது மனைவி கேட்டார்: "மிருதங்கம் என்ன வாழைமட்டையிலா செய்கிறார்கள்?"

அதோடு பேச்சு முடிந்தது. ஆனாலும் அது புரட்டாசி. இங்கே பல தமிழ் வீடுகளில் அந்த மாதம் முழுக்க மாமிசம் நுழையாது. மாதம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். வேலை வரலாற்றில் மூன்று வாரத் தாமதம் என்று ஒரு வரி. எனக்கு அதில் குறை தெரியவில்லை. பிறகு வாகனக் கொட்டகையில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். குருணையை இரவெல்லாம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 பாகைச் சூட்டில் இளக்குவது. கொதிக்கவிட்டால் வலு போய்விடும். வாடை இருந்தது, பழகிவிட்டது.

மிதித் துருத்திகள் நவம்பரில் முடிந்தன. இப்போது காலால் மிதித்துப் பார்த்தோம். 22இல் 3 மட்டும் அசைந்தன, அதுவும் சோம்பல் முறிப்பதுபோல்.

கசிவு என்று நினைத்தார். ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யூ எழுத்து வடிவில் வளைத்து, அளவுகோலின்மேல் கட்டி, மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றிப் பெட்டியில் இணைத்தார். மிதித்தால் மஞ்சள் நீர் ஒரு பக்கம் ஏறும். அந்த உயர வித்தியாசமே உறிஞ்சு வலு. இந்த முழு வேலையில் வாங்கிய, செய்த எல்லாக் கருவிகளிலும் சிறந்தது அதுதான்; செலவு 20 ராண்ட்கூட ஆகவில்லை. மஞ்சள் நீர் 15 அங்குலத்தில் அசையாமல் நின்றது. பெட்டி கசியவில்லை. அப்படியானால் குறை துருத்தியில்: துணி மடங்கவில்லை.

ஆலையில் வெற்றிடம் பாதரச அளவில் 25 அங்குலம் இருக்கும். பாதரசம் தண்ணீரைப்போல் 13 மடங்குக்கு மேல் கனம். பியானோவில் 30 அங்குலத் தண்ணீர் என்பது பாதரசத்தில் 2 அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஆலையில் துணியின் விறைப்பைப் பம்பு பார்த்துக்கொள்ளும். இங்கே பம்பு என்பது 62 வயதுக்காரரின் முழங்கால். அவர் இதை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

பிரித்தெடுத்தது

இங்கேதான் பசையின் உண்மையான விலை தெரிந்தது. இன்னும் தொடாத 66 துருத்திகளில் இருந்தது நூறாண்டுப் பழைய வச்சிரம். ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டியதும் பட்டைக் கத்தி நுழைய இடம் விட்டது; பலகை புதிதுபோல் வந்தது. எதிர்காலத்தில் யாரோ திறப்பார்கள் என்று எதிர்பார்த்துச் செய்த வேலை அது.

வெள்ளைப் பசை ஒட்டிய 22 வேறு கதை. சூட்டுக்கு அது ரப்பர் மாதிரி இழுபட்டது, விடவில்லை. மரத்தின் நார்களுக்குள் இறங்கியிருந்ததால் அதன்மேல் புதுப் பசையும் பிடிக்காது. சுரண்டியபோது மரம் சேர்ந்து உரிந்தது. 5 பலகைகள் பிளந்தன. வெருலத்தில் ஒரு தச்சர் அதே அளவில் புதிதாக அறுத்துக் கொடுத்தார். 66ஐப் பிரிக்க 4 நாள். 22ஐப் பிரிக்க 19 நாள். நோட்டில் இந்த இரண்டு எண்களுக்கும் அடியில் அவரே பேனாவால் இரட்டைக் கோடு போட்டிருக்கிறார்.

மறுபடி ஒட்டும் பொறுப்பு மனைவிக்குப் போனது. சட்டைக் கழுத்துப்பட்டை உள்துணியைவிட மெல்லிய, ரப்பர் பூசிய பருத்தித் துணி. அட்டையில் அச்சு வெட்டிக்கொண்டார். ஒட்டுவதற்கு முன்பே நடு மடிப்பை நகத்தால் தேய்த்துவைத்தார். நாளுக்கு ஆறுதான், அதற்கு மேல் கிடையாது. கண் களைத்தால் ஓரம் கோணும் என்றார். ஒவ்வொன்றும் காய்ந்தபின் ஒரே சோதனை: கையால் மூடி, துளையைக் கட்டைவிரலால் அடைத்து, கையை விட்டுப் பத்து எண்ணுவது. அதற்குள் திறந்துகொண்டால் மறுபடி. கிழிந்த 9 தோல்வட்டங்களும் அப்போதுதான் கண்ணில்பட்டு மாற்றப்பட்டன.

வெள்ளம்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் பகுதியைத் தாக்கிய பெருமழையில் கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. செங்கல்லின்மேல் இருந்த முக்கியப் பாகங்கள் தப்பின. தரையில் இருந்த சுருள் பெட்டி போயிற்று. கீழ் இழுப்பறையில் இருந்த, முடிந்த 8 துருத்திகளில் ஒட்டு விட்டுப்போயிருந்தது.

வச்சிரத்தைப் புகழ்ந்து எழுதிய கையோடு இதையும் எழுதத்தான் வேண்டும்: ஈரத்துக்கு அது விடும். வெள்ளைப் பசை அவ்வளவு எளிதில் விட்டிருக்காது. ஆனால் விட்ட அந்த 8ஐயும் ஒன்றரை நாளில் திரும்ப ஒட்டியாயிற்று. டொங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமாகிப் பல மாதம் குழாயில் தண்ணீர் வராத காலம் அது. லாரியில் வரும் தண்ணீருக்கு வரிசையில் நின்று கேனில் பிடித்துவந்து, அதில் பசையையும் ஊறவைத்தார்கள்.

ஓடத் தொடங்கியபின்

2022 நவம்பரில் முதல் சுருள் ஓடியது. 88இல் 81 சுரம் பேசின. மூன்று சுரம் நிறுத்தாமல் பேசின. கசிவுத் துளையில் தூசி, ஊதியதும் சரியாயிற்று. மற்ற நான்கில் குழாய் கழன்றிருந்தது.

டிசம்பரில் வேறு தொல்லை. கடற்கரை ஈரப்பதத்தில் காகிதம் அகலத்தில் உப்பி, உருளையின் விளிம்புகளுக்கு நடுவே நெருங்கி, துளைகள் சட்டத்திலிருந்து விலகின. ஒரு சுரத்துக்குப் பதில் பக்கத்துச் சுரம் ஒலித்தது. சுருள்களை இப்போது அரிசி டப்பா மாதிரி மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்கிறார்கள்.

சுருதி கூட்டுவதை மட்டும் அவர் தொடவில்லை. ஒரு பியானோவின் தந்திகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பதினைந்து, இருபது டன் வரை இருக்கும். நூறாண்டுத் துருப்பிடித்த கம்பியில் விளையாட வேண்டாம் என்றேன், கேட்டுக்கொண்டார். 2023 மார்ச்சில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த சுருதிக்காரர் பார்த்துவிட்டு, இன்றைய பொதுச் சுருதியான 440 அளவுக்கு ஏற்ற வேண்டாம், இருக்கிற நிலையிலேயே, அதாவது ஏறக்குறைய அரைச்சுரம் கீழே, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வைக்கலாம் என்றார். அப்படியே செய்தார். இதனால் பஜனை ஆர்மோனியத்தோடு அது சேராது. பேத்தி வயலினைத் தளர்த்திக்கொண்டு சேர்கிறாள்.

விளைவு

20 மாதங்களுக்குமேல் உழைப்பு; 21,000 ராண்டுக்குச் சற்றே மேல் செலவு, அதில் வீணானவை ஏறக்குறைய 4,000. 2023இல் மின்வெட்டு கடுமையாக இருந்த மாலைகளில் தெருவே இருட்டாக இருக்க, இந்த வீட்டில் விளக்கேற்றிவைத்துக் கால் மிதித்தார்கள். மின்சாரம் கேட்காத இசைப்பெட்டி என்பதால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சாமிப் படங்கள் சுவரில் ஏறிவிட்டன. எண்ணெய் வட்டங்களைத் தேய்த்து எடுக்க மனைவி சம்மதிக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வரிசையைத் தலைகீழாக்குவேன் என்கிறார்: முதலில் மிதித் துருத்தி, அதன்பின்தான் சிறியவை. எந்திரத்தின் சொந்த வலுவிலேயே சோதிக்க வேண்டும்; உறிஞ்சு கருவியைக் கொட்டகைக்குள்ளேயே விடக்கூடாது. 22 அல்ல, இரண்டே துருத்திகள் செய்து மாட்டி, ஒரு வாரம் மிதித்துப் பார்த்தபின் மூன்றாவதைத் தொட வேண்டும். ஏப்ரல் வருவதற்குள் தரையில் எதுவும் இருக்கக்கூடாது. என் தரப்பில் ஒன்று: நோட்டில் எழுதுபவன் வாரம் ஒருமுறை அதைத் திரும்பப் படிக்க வேண்டும். ஆகஸ்ட் 14 வரியை நான் டிசம்பரில்தான் படித்தேன்.

இதை எழுதும் பிப்ரவரியில் வலப்பக்கக் கடைசியிலிருந்து நான்காவது சுரம் மறுபடி மந்தமாக இருக்கிறது. துணி வெட்டி, மடிப்புத் தேய்த்து, உறையில் எண் எழுதித் தயாராக இருக்கிறது. இந்தப் புழுக்கத்தில் பசை சரியாக இறுகாது. ஜூன் மாதக் காய்ந்த காற்று வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.